பைலட் நடக்கிறது, போன் போடாதீர்கள்

மனிதர்களில் முடிவு எடுப்பவர்கள் உண்டு. முடிவு எடுக்கத் தெரியாமல் திருதிருவென்று விழிப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையையும் உங்களுக்கு நன்றாகத் தெரியும், இரண்டையும் உங்கள் வீட்டுக் கல்யாணங்களிலேயே பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அது முடிவும் எடுக்காது, விழிக்கவும் செய்யாது. முகத்தில் தெளிவு பொங்க, கையில் பேனாவோடு, மதிப்பீடு செய்துகொண்டே இருக்கும்.

மதிப்பீட்டாளரை அடையாளம் காண்பது சுலபம். அவர் போனில் ஒரே வேலையைச் செய்யும் ஒன்பது செயலிகள் இருக்கும், ஒன்பதின் தலையிலும் சிவப்பு வட்டத்துக்குள் நூற்றுச் சொச்சம் படிக்காத செய்திகள் நிற்கும். "இதுல எது நல்லாயிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பரிதாபமாகச் சிரிப்பார். "அப்படி ஒரு வார்த்தையில சொல்லிட முடியாதுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு ப்ளஸ் இருக்கு, ஒரு மைனஸ் இருக்கு" என்பார். இதைத் தெரிந்துகொள்ளவா ஒன்றரை வருஷம்?

முன்பெல்லாம் இந்த இனம் வீட்டோடு அடங்கியிருந்தது. மிக்ஸி வாங்குவது, மருமகன் பார்ப்பது என்று அதன் சேதமும் வீட்டோடு நின்றது. பலர் சேர்ந்து வேலை செய்வதற்கு உதவும் மென்பொருள் என்று ஒன்று எப்போது சந்தைக்கு வந்ததோ, அப்போது பிடித்தது இவர்களுக்கு யோகம். பதினாலு நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள் என்று ஒரு கம்பெனி சொன்னால், நாமெல்லாம் இரண்டு நாள் பார்த்துவிட்டு மறந்துபோவோம். மதிப்பீட்டாளர் பதின்மூன்றாம் நாள் இன்னொரு மெயில் ஐடியைத் தொடங்குவார்.

உதாரணத்துக்கு பீமராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தோரு வயது. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் தரக்கட்டுப்பாடு என்ற பெயரில் மற்றவர்கள் செய்த வேலைக்கு இருபத்திரண்டு வருஷம் மார்க் போட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்தவர். அந்த ஃபிளாட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று வாங்குவதற்காகப் பதினாலு மாதமாக ஆராய்ந்து வருகிறார். "கேன் தண்ணி போடுற ஆளு நம்ம வீட்டு உபயத்துல சொந்தமா வண்டியே வாங்கிட்டார்" என்று அவர் மனைவி சொல்வதுண்டு. பீமராவ் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவசரத்தில் வாங்கி அவதிப்படுபவர்களைப் பார்த்து அவருக்கு உள்ளூர ஓர் இரக்கம் உண்டு.

இப்படிப்பட்டவரை ஜீயபுரம் பக்கத்து வாழை விவசாயிகள் முந்நூறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனி, தில்லைநகரில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு நிர்வாகியாக உட்கார வைத்தது. படித்தவர், கை சுத்தமானவர், மெல்லப் பேசுபவர். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தார்கள், பாவம்.

அவர் வருவதற்கு முன் அங்கே வேலை எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? அனுசுயா என்ற ஒரு பெண்மணியின் தொண்டையால் நடந்தது. தினம் மாலை நாலு மணிக்குத் தோட்டக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, வாழைத்தார் வெட்டுக்கு வந்துவிட்டது என்பார்கள். அனுசுயா வெட்டு ஆட்களின் மேஸ்திரி காத்தானைக் கூப்பிட்டு, நாளைக்கு இன்னார் தோட்டம் என்பார். பிறகு லாரி ஓட்டும் சவரிராயனைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு எந்த வரப்போரம் வண்டி நிற்க வேண்டும் என்பார். மீதி அரட்டைக்கு எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் பாதி குட்மார்னிங், பாதி குரல் பதிவு. அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு தப்பு நடக்கும், அனுசுயா நாக்கைக் கடித்துக்கொள்வார், மறுநாள் சரியாகிவிடும்.

பீமராவ் முதல் வாரம் இதைக் கவனித்தார். "இது சிஸ்டம் இல்லை மேடம். இது பழக்கம்" என்றார் அனுசுயாவிடம். பழக்கம் என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்தில் அனுசுயா ஏதோ புகையிலை போடுகிறவர் போல உணர்ந்தார்.

தொடங்கியது சடங்கு. முதலில் டெமோ. காலை பதினொன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. பெங்களூரிலிருந்து ஒரு புன்னகை திரையில் வரும், "உங்க டீமோட பெரிய கஷ்டம் என்ன சார்?" என்று கேட்கும். பீமராவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் பதில் சொல்வார். டெமோ முடிந்ததும் அட்டவணை. எக்செல்லில் அறுபத்து நான்கு வரிசை. செய்தி அனுப்ப முடியுமா, அனுப்பியதைத் திருத்த முடியுமா, திருத்தியதைத் திரும்பப் பெற முடியுமா, இருட்டுத் திரை உண்டா, காலண்டர் சேருமா, வாக்கெடுப்பு நடத்தலாமா, ஒருவர் கட்டைவிரல் உயர்த்தினால் அது அசையுமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க், மார்க்குக்கு ஓர் எடை, எடைக்கு ஒரு விளக்கக் குறிப்பு. நாளைக்கு யார் தோட்டத்தில் வெட்டு என்று காத்தானுக்குத் தெரிய வருமா என்று மட்டும் அதில் ஒரு வரிசை இல்லை. விட்டுப்போயிற்று.

எட்டு மாதம் போயிற்று. பதினேழு செயலிகள் பன்னிரண்டாகி, பன்னிரண்டு ஏழாகி, நடுவில் இரண்டு புதிதாகச் சேர்ந்து, கடைசியில் மூன்று மிஞ்சின. பச்சை ஒன்று, நீலம் ஒன்று, ஆரஞ்சு ஒன்று. மூன்றுக்கும் மொத்த மார்க் அநேகமாக ஒன்றுதான். வேறு யாராக இருந்தாலும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். நம்மவர் பைலட் அறிவித்தார். பைலட் என்றால் சோதனை ஓட்டம். உண்மையான வேலையில், உண்மையான ஆட்களை வைத்து, இரண்டு வாரம்.

இங்கேதான் அவர் மூளையை நீங்கள் வியக்க வேண்டும். மூன்று செயலியையும் ஒரே ஆள் பயன்படுத்தினால் ஒன்றின் சாயல் இன்னொன்றின் மேல் விழுந்து ஒப்பீடு கெட்டுவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே தோட்டக்காரர்களுக்குப் பச்சை. வெட்டு ஆட்களுக்கு நீலம். லாரிக்காரர்களுக்கு ஆரஞ்சு. ஒரு குழு இன்னொரு குழுவின் செயலியைத் தொடக்கூடாது. இரண்டு வாரத்துக்கு வாட்ஸ்அப் குழு மூடல். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் யாருக்கும் போன் போடக் கூடாது. போட்டால் டேட்டா கெட்டுவிடும்.

அதாவது, ஆட்கள் எவ்வளவு நன்றாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக ஆட்களை முதலில் பிரித்து வைத்தார். அனுசுயாவுக்கு மூன்றிலும் பார்வையாளர் அனுமதி கொடுத்தார். பார்க்கலாம், எண்ணலாம், வாய் திறக்கக் கூடாது.

"சார், தோட்டக்காரங்க சொல்றது வெட்டு ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அனுசுயா கேட்டார்.

"நல்ல கேள்வி மேடம். அது அடுத்த கட்டம். மூணையும் இணைக்கிறதுக்கு இன்டக்ரேஷன்னு தனியா ஒரு ஃபேஸ் வெச்சிருக்கேன். இப்ப ஒவ்வொரு ஆப்பும் தனியா எப்படி நடக்குதுன்னு மட்டும் பாக்குறோம்."

ஆடி மாதம், திங்கட்கிழமை, நல்ல நேரம் பார்த்துப் பைலட் தொடங்கியது. ஜீயபுரத்தில் ராக்கம்மாள் என்ற ஓர் அம்மாள் குத்தகைக்கு நிலம் எடுத்து எண்ணூறு நேந்திரன் வாழை மரம் போட்டிருந்தார். போன வருஷக் காற்று அவரைப் பாதியாகச் சாய்த்துவிட்டது. இந்த வெட்டு சரியாக ஏறினால்தான் குத்தகை இன்னொரு வருஷத்துக்கு நீளும் என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். தார் முற்றிவிட்டது. இனி மூன்றே நாள். தாண்டினால் மரத்திலேயே பழுக்கத் தொடங்கும், பழுத்ததைக் கேரள வியாபாரி தொடமாட்டார். அதற்குள் காற்று எழுந்தால் கேட்கவே வேண்டாம். தாரின் கனமே மரத்தைக் கீழே தள்ளிவிடும்.

செவ்வாய்க்கிழமை ராக்கம்மாள் பச்சையில் தாரைப் படம் பிடித்துப் போட்டு, "வெட்டுக்கு ரெடி, ஆள் அனுப்புங்க" என்று பேசி அனுப்பினார். பச்சையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரைப் போன்ற தோட்டக்காரர்கள்தான். பதினொரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அது அசைந்தது. ஒருவர் "அருமையான தார் அக்கா" என்று எழுதினார். அதே நேரத்தில் நீலத்தில் காத்தான், "நாளைக்கு யார் தோட்டம்?" என்று கேட்டார். அவருடைய ஆட்கள் ஆறு பேரும் அதைப் படித்தார்கள். ஆறு பேரும் "தெரியல அண்ணே" என்று உடனுக்குடன் பதில் போட்டார்கள். புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சவரிராயன் ஒரு குத்துமதிப்பில் ஜீயபுரத்துக்கு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, பதினொன்று வரை பார்த்துவிட்டு, காலி லாரியைப் படம் பிடித்து ஆரஞ்சில் ஏற்றினார். இன்னொரு லாரிக்காரரும் தன் காலி லாரியின் படத்தை ஏற்றினார்.

தில்லைநகரில் பீமராவ் பூரித்துப்போயிருந்தார். சராசரிப் பதில் நேரம் நீலத்தில் நாற்பது விநாடி. பச்சையில் ஈடுபாடு எண்பத்தேழு சதவீதம். ஆரஞ்சில் படம் மிகத் தெளிவு.

"சார்," என்றார் அனுசுயா, "ராக்கம்மாக்கா தார் ரெடின்னு நேத்தே போட்டுட்டாங்க. காத்தான் அண்ணன் எங்க வெட்டணும்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். லாரி அவங்க தோட்டத்துக்கு ரெண்டு கிலோமீட்டர்லயே வந்து நின்னுட்டுத் திரும்பியிருக்கு. நான் ரெண்டு போன் போட்டாப் போதும் சார். பத்து நிமிஷ வேலை."

பீமராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வரும்போது அவர் கண்ணாடி துடைப்பது வழக்கம். "நீங்க இப்ப போன் போட்டா மூணு நாள் டேட்டா குப்பைக்குப் போகும் மேடம். கஷ்டம் எனக்கும் புரியுது. ஆனா சிஸ்டம் தானா எப்படி இந்தப் பிரச்சனையத் தீர்க்குதுன்னு பாக்கத்தானே பைலட்?" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். பொறுத்திருந்தால் பச்சையும் நீலமும் ஆரஞ்சும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்ளும் என்று அவர் உள்மனம் சொல்லியது.

வியாழக்கிழமை காலை ராக்கம்மாளே வந்துவிட்டார். பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, தில்லைநகர் வரை நடந்து, இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றவரின் கையில் ஒற்றைக் காய் ஒன்று இருந்தது. காம்புப் பக்கம் இலேசாக மஞ்சள்.

"இதப் பாருங்க சார். முதல் சீப்புல நெறம் திரும்பிடுச்சு. காத்தும் நேத்து சாயங்காலத்துலேருந்து ஒரு மாதிரியா இருக்கு."

பீமராவ் எழுந்து நின்று வரவேற்றார். அந்த மரியாதையில் குறையே வைக்கமாட்டார். "உக்காருங்க ராக்கம்மா. நீங்க நேர்ல வந்ததே நல்லதாப் போச்சு. பயன்படுத்துறவங்க வாயால கேக்குற வாய்ப்பு எல்லா கம்பெனிக்கும் கிடைக்காது" என்று சொல்லி ஒரு படிவத்தைத் திறந்தார். "பச்சை ஆப் உங்களுக்குச் சுலபமா இருக்கா? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"எனக்கு ஆளும் லாரியும் வேணும் சார்."

"அதுக்காகத்தானே இவ்வளவும் பண்றோம். ஒரு நம்பர் சொல்லுங்க."

ராக்கம்மாள் அனுசுயாவைப் பார்த்தார். அனுசுயா மேஜையைப் பார்த்தார். அதிக நம்பர் சொன்னால் ஆள் சீக்கிரம் வருவார்கள் போலிருக்கிறது என்று அந்த அம்மாளுக்குப் பட்டது.

"அஞ்சு சார்" என்றார்.

"வேற ஏதாவது சொல்லணும்னு தோணுதா?"

"காத்துக்கு முந்தி வந்துட்டாப் போதும் சார். வேற ஒண்ணும் வேணாம்."

பீமராவ் அதை 'இதர கருத்துகள்' என்ற கட்டத்தில் எழுத்துப் பிசகாமல் பதிந்துகொண்டார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அனுசுயா மாடிப்படியில் ராக்கம்மாளைப் பிடித்தார். அங்கேயே நின்று காத்தானைக் கூப்பிட்டார். பக்கத்து ஊரில் வேறு வியாபாரிக்கு வெட்டிக்கொண்டிருந்த காத்தான், "உங்க குரல் கேட்டு நாலு நாளாச்சும்மா. ஆபீஸை மூடிட்டாங்களோன்னு நெனச்சோம். இன்னிக்குக் கை வெச்சதப் பாதியில விட முடியாது. விடிஞ்சதும் நிக்கிறேன்" என்றார். சவரிராயன் அடுத்த நிமிஷமே சரி என்றார். மொத்தமாக ஆறு நிமிஷம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆறு பேரும் தோட்டத்தில் இறங்கினார்கள். லாரி வரப்போரம் நின்றது. யாரும் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் வெட்ட, ஒருவர் தோளில் தாங்க, ஒருவர் லாரியில் இலையைப் பரப்பி அடுக்க, பத்து மணிக்குள் முந்நூறு தார் ஏறிவிட்டது. பத்தேகாலுக்குக் காற்று வந்தது.

அதே பத்தேகாலுக்கு பீமராவ் காரில் காவிரிப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, ஏசியை அணைத்து, "என்ன சுகமான காத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மீதி ஐந்நூறு மரமும் ஏறக்குறைய மொத்தமாகச் சாய்ந்தன. நசுங்கிய தாரை ஏற்றமாட்டேன் என்று வியாபாரி போனிலேயே சொல்லிவிட்டார். காத்தான் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சாய்ந்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்தார். ராக்கம்மாள் உட்காரவில்லை. ஒவ்வொரு மரமாகப் போய்த் தாரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதன்கிழமை நின்ற லாரியில், புதன்கிழமை சும்மா இருந்த ஆட்கள் ஏற்றியிருக்க வேண்டிய தார்கள் அவை. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மதியம் விஷயம் அலுவலகத்துக்கு வந்தது. பீமராவ் உண்மையாகவே வருந்தினார். "அடடா, அடடா" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"மூணு ஆப்லயும் எங்கயும் தகவல் போகலையே. காத்தான் எப்படி அங்க போனார்?"

"நான் போன் பண்ணினேன் சார்" என்றார் அனுசுயா. "செவ்வாக்கிழமையே பண்ணியிருக்கணும்."

பீமராவ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். தோட்டம் விழுந்த சேதியைத் தாங்கியவருக்கு இதைத் தாங்க முடியவில்லை. "எட்டு மாச வேலை மேடம். இப்ப எந்த ஆப் ஜெயிச்சுது, எந்த ஆப் தோத்துதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"ராக்கம்மாக்கா தோத்துட்டாங்க சார்" என்றார் அனுசுயா. சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு ஜீயபுரம் பஸ்ஸுக்குப் போனார்.

பத்து நாள் கழித்து இயக்குநர்கள் கூட்டம். விவசாயிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பகோடா தின்றபடி நாற்பத்தொரு ஸ்லைடு பார்த்தார்கள். வண்ண வண்ண வட்டங்கள். பச்சைச் செயலிக்குப் பயனர் திருப்தி ஐந்துக்கு ஐந்து என்று ஒரு பெரிய நட்சத்திரம். ஓர் இயக்குநர் எழுந்து, "ராக்கம்மா தோட்டம் என்னாச்சு சார்?" என்று கேட்டார். "முப்பத்தெட்டாவது ஸ்லைடுல வருது" என்றார் பீமராவ். வந்தது. 'வெளிக் காரணிகள்: காற்று' என்று ஒரே வரி. அதற்குக் கீழே, 'அலுவலகத் தரப்பில் நடைமுறை மீறல்' என்று இன்னொரு வரி. முடிவாக, டேட்டா கலப்படமாகிவிட்டதால் புதிதாக வந்திருக்கும் இரண்டு செயலிகளையும் சேர்த்து ஐந்தாகக் கொண்டு இன்னொரு பைலட் நடத்தலாம் என்று பரிந்துரை. கை தட்டினார்கள். நாற்பத்தொரு ஸ்லைடு தயாரித்தவரைத் தட்டாமல் அனுப்ப யாருக்கு மனம் வரும்? ராக்கம்மாள் எடுத்திருந்த குத்தகை அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. நிலம் போனதால் அவர் இனிக் கம்பெனியின் உறுப்பினர் இல்லை என்பதால் இரண்டாவது பைலட்டில் பச்சைக்கு ஓர் ஆள் குறைகிறது என்று மட்டும் பீமராவ் கவலைப்பட்டார்.

பீமராவ் கெட்டவரா என்றால் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆளை மாற்றியிருக்கலாம். இவர் யாருடைய காசையும் தொடவில்லை, யாரையும் அதட்டவில்லை, எல்லோரும் நன்றாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையே அவருக்கு இல்லை. ஏற்கெனவே சேர்ந்துதான் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவே.

நீங்கள் இப்போது உங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். இதை அவருக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சந்தேகம். முழங்கால் வலிக்கு ஒரு நல்ல டாக்டர் பேர் சொல்லச் சொல்லி உங்கள் அத்தை கேட்டாரே, எப்போது? பொங்கலுக்கு முன்பா, பின்பா? நீங்கள் சும்மா இருக்கவில்லை, எனக்குத் தெரியும். தில்லைநகரில் நாலு பேர், தஞ்சாவூரில் இரண்டு பேர் என்று விசாரித்தீர்கள். யார் யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்று படித்தீர்கள். ஒருவர் கைராசிக்காரர், ஆனால் கூட்டம். இன்னொருவரிடம் கூட்டமில்லை, அதனாலேயே சந்தேகம். ஒவ்வொருவரிடமும் ஒரு ப்ளஸ், ஒரு மைனஸ். அத்தைக்குச் சொன்னீர்களா?

சொல்லவில்லையென்றால் இப்போதே கூப்பிட்டு ஒரு பேரைச் சொல்லிவிடுங்கள். என்ன யோசனை? இந்நேரம் தூங்குவாரோ, முதலில் ஒரு மெசேஜ் போட்டுப் பார்க்கலாமோ, இன்னும் ஒரே ஒருவரைக் கேட்டுவிட்டுச் சொன்னால் திருத்தமாக இருக்குமோ என்றா? சரி, அவசரமில்லை. பீமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். அத்தை நின்றுகொண்டு இருப்பார்.